பட்டன் ஸ்டார்ட் வண்டி: ரிமோட் சாவி சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் செய்வதில்லை

சிட்லபாக்கம்காரன்

வணக்கம். ஐந்து வருடம் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக். சாவி பையில் இருந்தால் போதும், கதவுப் பிடியில் உள்ள கறுப்புப் பட்டனை அழுத்தினால் திறக்கும். உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்து பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கொஞ்ச காலமாக இதை நம்பி வெளியே கிளம்ப முடியவில்லை. விடியற்காலையில் கதவுப் பிடியை எத்தனை தடவை அழுத்தினாலும் அசைவில்லை. ரிமோட்டைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் எப்போதாவது திறக்கிறது. சில நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரில் ‘சாவி இல்லை’ என்று எழுத்து வந்து பீப் அடிக்கிறது. வண்டி நிற்பதில்லை, ஆனால் மனசு பதறுகிறது. மத்தியானம் போய்ப் பார்த்தால் இருபது அடி தள்ளி நின்றாலும் முதல் அழுத்தலிலேயே திறக்கிறது.

ரிமோட்டுக்குள் இருக்கும் செல் (பட்டன் பேட்டரி) மாற்றியாயிற்று. சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்து எரர் எதுவும் இல்லை என்றார்கள். ஆனாலும் இரண்டு சாவியையும் புதிதாகப் போட்டு, கன்ட்ரோல் யூனிட்டையும் மாற்றிவிடலாம் என்று எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். கையிலிருக்கும் பணத்துக்கு அது பெரிய தொகை.

அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும் வண்டி இது. காலை முதல் ஷிஃப்ட். அம்மாவைக் கீழே கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கதவோடு மல்லுக்கட்ட முடியவில்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் நானே என்னென்ன பார்க்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அம்மா போக வேண்டிய நேரத்துக்குப் போக வழி சொல்கிறேன். ரிமோட் முழுக்கச் செத்தாலும் உங்கள் வண்டியைத் திறக்கலாம், ஸ்டார்ட் செய்யலாம்.

ரிமோட்டின் பின்பக்கமோ ஓரத்திலோ சின்ன நகர்த்தி ஒன்று இருக்கும். அதைத் தள்ளினால் உள்ளேயிருந்து ஒரு இரும்புச் சாவி வரும். டிரைவர் பக்கக் கதவில் சாவித்துளை இருக்கும். சில வண்டிகளில் அதன்மேல் பிளாஸ்டிக் மூடி போட்டு மறைத்திருப்பார்கள். அப்படித் திறந்தால் அலாரம் கத்தலாம், பயப்பட வேண்டாம். உள்ளே போய் பிரேக்கை மிதித்துக்கொண்டு ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். ரிமோட்டுக்குள் இருக்கும் ஒரு சிப்புக்கு செல்லே தேவையில்லை. வண்டியில் இருக்கும் காயிலிலிருந்து மின்சாரத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். வண்டி ஸ்டார்ட் ஆகும், அலாரமும் அடங்கும். சில மாடல்களில் ஸ்டீயரிங் தண்டுப் பக்கத்திலோ நடுப் பெட்டியிலோ அதற்கென ஓர் இடம் இருக்கும். வண்டியோடு வந்த புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள்.

இதை இன்றைக்கே பகலில் ஒரு முறை செய்து பாருங்கள். வீட்டில் வண்டி ஓட்டுகிற மற்றவர்களுக்கும் காட்டிக் கொடுங்கள். பல வருடம் தொடாத சாவித்துளை இறுகிப் போயிருக்கும். அதை அவசரத்தில் போய்க் கண்டுபிடிக்கக் கூடாது.

அலைவரிசை

ரிமோட், வாக்கி டாக்கி போன்ற ரேடியோ கருவிகளைச் சோதிப்பது என் வேலை. கோவை.

‘சாவி வேலை செய்யவில்லை’ என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்கிறோம். உள்ளே நடப்பது மூன்று தனித்தனி வேலைகள். எது தவறுகிறது என்று பிரித்துப் பார்க்காமல் எந்தப் பொருளையும் மாற்றாதீர்கள்.

ரிமோட்டில் உள்ள பட்டனை அழுத்தினால் அது 433.92 மெகாஹெர்ட்ஸில் வண்டிக்குச் செய்தி அனுப்புகிறது. இது ஒருவழி. பல மீட்டர் போகும்.

கதவுப் பிடியைத் தொடும்போது கதை வேறு. வண்டிதான் முதலில் கூப்பிடும். பிடிக்குள்ளும் உள்ளறையிலும் டிக்கியிலும் உள்ள ஆன்டெனாக்கள் 125 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு குரல் கொடுக்கும். அது ஒரு மீட்டர், கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் எட்டும். அந்தக் குரல் காதில் விழுந்தால் சாவி விழித்துக்கொண்டு 433லேயே பதில் சொல்லும். ஆக இங்கே இரண்டு பாதைகளும் சரியாக இருக்க வேண்டும்.

நெடுஞ்சாலை அண்ணன் சொன்னது மூன்றாவது. பட்டனில் ஒட்டிப் பிடித்து ஸ்டார்ட் செய்வது. அதற்கு செல்லும் வேண்டாம், 433ம் வேண்டாம்.

இப்போது சொல்லுங்கள். கெட்டுப்போகிற நேரத்தில் ரிமோட் பட்டன், கதவுப் பிடி இரண்டுமே படுத்துவிடுகின்றனவா, இல்லை ஒன்று மட்டுமா? இரண்டாவது சாவியும் அப்படித்தானா? எந்த இடத்தில், எந்த நேரத்தில்? ஓடும்போது ‘சாவி இல்லை’ என்று வருகிறதே, அப்போது சாவி வண்டிக்குள் எங்கே கிடந்தது?

மதுரை சாவி

தம்பி, நான் சாவிக்கடை வைத்திருக்கிறேன். அலைவரிசை அக்கா கேட்டதற்குப் பதில் வரட்டும். அதற்குள் செல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கடைக்கு வரும் ரிமோட்டில் பாதிக்கு மேல் ‘செல் மாற்றியாச்சு’ என்ற பேச்சோடுதான் வரும். திறந்து பார்த்தால் கோளாறு செல்லிலேயே இருக்கும்.

சிஆர்2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். சிஆர்2025 என்றால் தடிமன் 2.5. இரண்டும் 3 வோல்ட். பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் கடையில் 2025ஐ எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். போட்டால் வேலையும் செய்யும். பையில் குலுங்கும்போது 0.7 மில்லிமீட்டர் இடைவெளியில் தொடர்பு விட்டு விட்டு வரும். காகிதம் மடித்து வைத்துச் சரிக்கட்டிய ரிமோட்டெல்லாம் பார்த்திருக்கிறேன். உங்கள் ரிமோட்டின் கூட்டுக்குள் எந்த எண் அச்சாகியிருக்கிறதோ அதையே போடுங்கள்.

அட்டையில் நல்ல பேர் போட்டிருந்தாலும் போலி நிறைய நடமாடுகிறது. தேதி பார்த்து வாங்குங்கள். இன்னொன்று: குழந்தைகள் விழுங்கிவிடக் கூடாது என்று சில செல்களில் கசப்புப் பூச்சு பூசியிருப்பார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் தகடு தொடுகிற இடத்தில் அந்தப் பூச்சு இருந்தால் சில கருவிகளில் தொடர்பு சரியாகக் கிடைக்காது. பொருள் தொலைந்தால் கண்டுபிடிக்க உதவும் ஏர்டேக் என்ற கருவிக்கு அந்த மாதிரி செல் ஒத்துவராமல் போகலாம் என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. பழைய செல்லைக் கழற்றியதும் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் போடுங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

செல்லை மல்டிமீட்டரில் வைத்து 3 வோல்ட் காட்டுகிறது என்று திருப்திப்படாதீர்கள். சும்மா இருக்கும்போது களைத்த செல்லும் 3 காட்டும். 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இரு முனைக்கும் குறுக்கே வைத்துக்கொண்டு, அப்படியே மீட்டரைப் பாருங்கள். ரிமோட் பேசும்போது இழுக்கிற அளவுக்குப் பக்கத்தில் கரன்ட் போகும். நல்ல செல் 2.9 பக்கத்தில் நிற்கும். தீர்ந்த செல் கண்ணெதிரே 2.5க்குக் கீழே சறுக்கும்.

புதுவண்டி

யூடியூபில் ஒரு டிப்ஸ் பார்த்தேன். மொபைல் கேமரா முன்னால் ரிமோட்டைக் காட்டி அழுத்த வேண்டும்; வெளிச்சம் தெரிந்தால் ரிமோட் நல்லா இருக்கிறது என்று அர்த்தமாம். அதைச் செய்து பார்க்கலாமே? ரிமோட்டைத் தாடையில் வைத்து அழுத்தினால் தூரம் போகும் என்றும் சொல்கிறார்கள்.

அலைவரிசை

கேமரா வேண்டாம். அது டிவி ரிமோட்டுக்குச் சரி, ஏனென்றால் அது அகச்சிவப்பு ஒளியில் பேசுகிறது. கார் ரிமோட் பேசுவது ரேடியோ அலையில். அதை எந்த கேமராவும் பார்க்காது. ரிமோட்டில் உள்ள சின்ன சிவப்பு விளக்கு எரிந்தாலும் செய்தி போகிறது என்று அர்த்தமில்லை. செல்லும் பட்டனும் உயிரோடு இருக்கின்றன, அது மட்டும்தான் தெரியும்.

தாடையில் வைப்பது உண்மையிலேயே பலன் தரும். நம் தலை பெரும்பாலும் நீர். ரிமோட்டை ஒட்டிப் பிடித்தால் உடம்பும் ஆன்டெனாவோடு சேர்ந்துகொள்கிறது, தூரம் கொஞ்சம் கூடும். ஆனால் அது வண்டி கண்ணுக்குத் தெரிந்தும் எட்டாத தூரத்தில் நிற்கும்போது. பக்கத்தில் நின்றே திறக்காத வண்டிக்கு அது தீர்வாகாது.

சிட்லபாக்கம்காரன்

எல்லோருக்கும் நன்றி. நெடுஞ்சாலை சொன்னபடி இரும்புச் சாவியால் திறந்து, பட்டனில் ஒட்டி ஸ்டார்ட் செய்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் ஆகிறது. தங்கைக்கும் காட்டிவிட்டேன். அந்த பயம் போயிற்று.

செல் 2032தான், சரியான எண். மதுரை அண்ணன் சொன்ன மாதிரி ரெசிஸ்டர் வைத்துப் பார்த்தேன், 2.9க்குக் கீழே போகவில்லை.

அக்கா கேட்டவை. கெட்டுப்போகும் நேரத்தில் ரிமோட் பட்டன், கதவுப் பிடி இரண்டுமே சேர்ந்துதான் போகின்றன. பீரோவில் இருந்த இரண்டாவது சாவியும் அதே நேரத்தில் அதே மாதிரி. இடம் என்று பார்த்தால் எங்கள் அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில்தான், பெரும்பாலும் விடியற்காலையிலும் சாயங்காலமும். ஆஸ்பத்திரி வாசலில், ஆபீஸில் இதுவரை தகராறு இல்லை.

ஓடும்போது வருகிற ‘சாவி இல்லை’ மட்டும் இதில் சேரவில்லை. அது வீட்டுக்கு வெளியே, சாலையில்தான் வருகிறது. சாவி கியர் பக்கத்தில் இருக்கும் பள்ளத்தில் கிடக்கும். போனும் அங்கேதான், ஆன்லைனில் வாங்கிய ஒயர்லெஸ் சார்ஜர் தட்டு ஒன்று போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. போன வாரம் விடியற்காலையில் கரன்ட் இல்லை. மொபைல் வெளிச்சத்தில் அம்மாவைக் கைப்பிடித்துக் கீழே கூட்டி வந்தோம். அன்றைக்குக் கதவு முதல் தொடுதலில் திறந்தது.

அலைவரிசை

அந்தக் கடைசிப் பத்திக்கு மிகவும் நன்றி. எஸ்டிமேட்டை அப்படியே வைத்துவிடுங்கள், ஒரு பைசாவும் கட்ட வேண்டாம்.

உங்களுக்கு இரண்டு வேறு வேறு பிரச்சினை. சின்னதை முதலில் முடிப்போம். ஒயர்லெஸ் சார்ஜர் தட்டுகள் ஏறத்தாழ 100 முதல் 200 கிலோஹெர்ட்ஸ் வரையான இடத்தில் வேலை செய்கின்றன. வண்டி சாவியைக் கூப்பிடும் 125 அதற்கு நடுவில்தான் வருகிறது. சாவி அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தால் வண்டியின் குரல் அதற்குக் கேட்காது. கம்பெனியிலேயே ஒயர்லெஸ் சார்ஜர் பொருத்திய வண்டிகளில், சாவியைத் தேடும் நேரத்துக்கு மட்டும் சார்ஜ் ஆவதை நிறுத்தி வைப்பதுண்டு. வெளியில் வாங்கிய தட்டுக்கு அது தெரியாது. சாவியைச் சட்டைப்பையில் வையுங்கள், தட்டை ஒரு வாரம் கழற்றி வையுங்கள், சாலையில் வரும் பீப் நிற்கிறதா என்று சொல்லுங்கள்.

பார்க்கிங் பிரச்சினை வேறு. இரண்டு சாவியும் ஒரே நேரத்தில் கெட்டு, வேறு இடத்தில் ஒரே நேரத்தில் குணமாகாது. கன்ட்ரோல் யூனிட் கெட்டிருந்தால் ஆஸ்பத்திரி வாசலிலும் கெட்டிருக்கும். பிடியும் பட்டனும் சேர்ந்து போகின்றன என்றால் இரண்டுக்கும் பொதுவான பாதை 433. பட்டனில் ஒட்டிப் பிடித்தால் மட்டும் தவறாமல் ஸ்டார்ட் ஆகிறது, அதற்கு 433 தேவையில்லை. கரன்ட் போனால் சரியாகிறது. உங்கள் கட்டடத்தில் மின்சாரத்தில் ஓடும் ஏதோ ஒன்று அந்த நேரங்களில் 433ல் இடைவிடாமல் கத்திக்கொண்டிருக்கிறது. திருவிழா ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று போன் பேசுகிற நிலைதான் உங்கள் சாவிக்கு. குரல் நன்றாகத்தான் இருக்கிறது, கேட்பவர் காதில் விழவில்லை.

இது கேள்விப்படாத விஷயம் அல்ல. 2019ல் அமெரிக்காவின் ஓஹையோவில், கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் நார்த் ஓம்ஸ்டெட் என்ற ஊரில், ஒரு பகுதி முழுக்க கார் ரிமோட்டும் கராஜ் கதவு ரிமோட்டும் வேலை செய்யாமல் போயின. மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தும் இடைஞ்சல் செய்த சிக்னல் ஓயவில்லை. வீடு வீடாகத் தேடியதில், ஒருவர் தன் வீட்டு மேல்தளத்தில் யாராவது நடமாடினால் தனக்குத் தெரியட்டும் என்று தானே செய்து வைத்திருந்த சின்ன கருவி அகப்பட்டது. 315 மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. அங்கே பல கார் ரிமோட்டுகளுக்கு அதுதான் அலைவரிசை. பேட்டரியில் ஓடியதால் கரன்ட்டை நிறுத்தியும் அது நிற்கவில்லை. செய்தவருக்கு அக்கம்பக்கத்தில் நடப்பது எதுவும் தெரியாது. உங்களுடையது கரன்ட்டில் ஓடுவதால் பிடிப்பது எளிது.

நம் நாட்டில் 433 பக்கம் குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் வேண்டாம். அதனால் ஒயர்லெஸ் காலிங் பெல், கேட் ரிமோட், ரிமோட் சுவிட்ச், மோட்டார் கன்ட்ரோலர் எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. பழுதில்லாமல் இருந்தால் நொடிக்கும் குறைவாகப் பேசிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். பழுதானால் மூடாது. மலிவான எல்இடி விளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட்டும் ரேடியோ இரைச்சல் கிளப்பும். அசோசியேஷன் செயலாளரிடம் சொல்லி, எலக்ட்ரீஷியனோடு பொது போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் உள்ள எம்சிபி சுவிட்சை ஒவ்வொன்றாக இறக்கி ஏற்றிப் பாருங்கள். பிரச்சினை இருக்கும் நேரத்தில்தான் செய்ய வேண்டும். வண்டிப் பக்கத்தில் ஒருவர் ரிமோட்டோடு நிற்கட்டும்.

யாழ் வண்டி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கு ஜப்பானிலிருந்து வந்த ஹைபிரிட் வாகனங்கள் நிறைய. உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் இதை வாசிக்கும் வேறு யாருக்காவது உதவும்.

டொயோட்டா சாவிகளில் பேட்டரி சேமிப்பு முறை ஒன்று இருக்கிறது. பூட்டும் பொத்தானை அமத்திப் பிடித்துக்கொண்டு திறக்கும் பொத்தானை இரண்டு தரம் அமத்தினால் சாவியின் விளக்கு நாலு முறை மின்னும். பிறகு கதவுப் பிடியைத் தொட்டால் திறக்காது, சாவி தூங்கிவிடும். ஏதாவது ஒரு பொத்தானை அமத்தினால் எழும்பிவிடும். பைக்குள் அமுங்கியோ, பிள்ளைகள் கையிலோ இது தற்செயலாக நடந்துவிடும். வேறு சில புது வாகனங்களின் சாவியில் அசைவைக் கண்டுபிடிக்கும் சென்சர் இருக்கிறது. மேசையில் அசையாமல் கிடந்தால் தானாகத் தூங்கும், கையில் எடுத்தால் விழிக்கும். வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலைக் கருவி வைத்து வாகனம் வரை கடத்தித் திறக்கும் ரிலே திருட்டுக்குப் பயந்து அப்படிச் செய்திருக்கிறார்கள்.

இன்னொன்று, சாவியை மட்டும் பார்த்துக்கொண்டிராமல் வாகனத்தின் 12 வோல்ட் பேட்டரியையும் வடிவாய்ப் பாருங்கோ. ஹைபிரிட்டில் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கதவும் சாவி தேடலும் ஓடுவது இந்தச் சின்ன பேட்டரியில். ஒரு இரவு நின்ற வாகனத்தில் 12.6 பக்கத்தில் இருந்தால் நல்லது. 12க்குக் கீழே என்றால் சாவி தெரியவில்லை என்பது தொடங்கி விதம்விதமாய்ப் பிழை காட்டும்.

மதுரை சாவி

யாழ் நண்பர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆன்லைனில் சாவி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வருகிறார்கள். ஜப்பானுக்கென்று செய்ததும் அமெரிக்காவுக்கென்று செய்ததில் பலவும் 315 பக்கத்தில் பேசும். நம்முடையது 433. கூடு அச்சு அசலாக ஒன்றாக இருக்கும், ஆனால் 315 சாவி நம் வண்டியோடு ஜென்மத்துக்கும் பேசாது. பழைய சாவி வாங்குவதும் ஆபத்து. ஒரு வண்டியில் பதிந்த சாவி பல மாடல்களில் அடுத்த வண்டிக்குப் பதியாது.

சாவி ஒன்று மட்டும் தகராறு செய்து மற்றது நன்றாக இருந்தால்தான் சாவியைத் திறக்க வேண்டும். திறந்ததும் செல்லைப் பிடிக்கும் தகட்டைப் பாருங்கள். நகத்தால் லேசாகத் தூக்கினால் மேலே வந்து நிற்க வேண்டும். படுத்துக் கிடந்தால் மெதுவாக நிமிர்த்தலாம். பச்சை படிந்திருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து நன்றாக உலர விடுங்கள். அப்புறம் பட்டன் அடியில் இருக்கும் சின்ன சதுர சுவிட்ச். நாலு காலில் ஒரு காலைச் சுற்றி மெல்லிய வட்டக் கோடு தெரிந்தால் ஈயம் விட்டிருக்கிறது என்று அர்த்தம். அதிகம் அழுத்துவது திறக்கும் பட்டன் என்பதால் முதலில் அதுதான் போகும். சூடு வைத்துக் கொஞ்சம் ஈயம் விட்டால் சரியாகிவிடும். கீழே விழுந்த சாவி என்றால் உள்ளே அலைவரிசையை நிலையாக வைக்கும் கிரிஸ்டலில் கீறல் விழுந்து அலைவரிசை நகர்ந்திருக்கலாம். அதை எங்கள் மாதிரி கடையில் பிரீக்குவன்சி மீட்டரில் வைத்துத்தான் சொல்ல முடியும்.

கூடு மட்டும் மாற்றுகிறவர்கள் கவனியுங்கள். சில பழைய சாவிகளில், வண்டி ஸ்டார்ட் ஆக அனுமதி கொடுக்கும் இம்மொபிலைசர் சிப் தனியாக, கூட்டின் மூலையில் கறுப்பாகச் சின்னதாக ஒட்டியிருக்கும். அதை எடுக்காமல் பழைய கூட்டைக் குப்பையில் போட்டால் கதவு திறக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகாது.

பீளமேடு

எங்கள் வீட்டில் பையன் மாடியில் உட்கார்ந்து ரிமோட்டை டொக்கு டொக்கென்று அழுத்தி விளையாடுவான். அதனால் சாவியும் வண்டியும் பிரிந்துவிடும் என்று மெக்கானிக் சொன்னார். உண்மையா?

அலைவரிசை

ஓரளவு உண்மை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ரிமோட் வேறு குறியீடு அனுப்புகிறது, எண்ணும் ஒன்று கூடிக்கொண்டே போகும். வண்டி கடைசியாகக் கேட்ட எண்ணிலிருந்து கொஞ்ச தூரம் வரைக்கும் ஏற்றுக்கொள்ளும். உதாரணத்துக்கு கீலோக் என்ற முறையில் வழக்கமாக 16 எண் வரை நேரடியாக ஏற்கும். அதைத் தாண்டிப் போயிருந்தால் வண்டிப் பக்கத்தில் நின்று அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால் மறுபடி சேர்ந்துகொள்ளும். பையன் விளையாடியதால் சாவி வீணாகாது. செல்தான் சீக்கிரம் தீரும்.

சிட்லபாக்கம்காரன்

கண்டுபிடித்துவிட்டோம்!

முதலில் சார்ஜர். தட்டைக் கழற்றிய நாளிலிருந்து சாலையில் ‘சாவி இல்லை’ என்ற பீப் வரவே இல்லை. வேண்டுமென்றே ஒரு முறை மாட்டி, சாவியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கதவைத் திறந்து மூடியதும் வந்துவிட்டது.

இப்போது பார்க்கிங். சாயங்காலம் ரிமோட் படுத்திருக்கும் நேரமாகப் பார்த்துச் செயலாளரையும் எலக்ட்ரீஷியனையும் கூப்பிட்டேன். தங்கை வண்டிப் பக்கத்தில் ரிமோட்டோடு நின்றாள். லிஃப்ட்டை நிறுத்தினோம், மாற்றமில்லை. படிக்கட்டு விளக்கு, பார்க்கிங்கில் புதிதாகப் போட்ட எல்இடி, கேமரா எல்லாம் நிறுத்திப் பார்த்தாயிற்று. தண்ணீர் மோட்டார் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அதன்மேல்தான் சந்தேகம், ஏனென்றால் காலையிலும் சாயங்காலமும் ஓடுவது அது. நிறுத்தினோம். அப்போதும் திறக்கவில்லை. எலக்ட்ரீஷியன் ‘சார், வண்டியைத்தான் பார்க்கணும்’ என்று சொல்லிக்கொண்டே மொட்டை மாடி லைனை இறக்கினார். கீழேயிருந்து வண்டி இண்டிகேட்டர் மின்னியது, கதவு டக்கென்று திறந்தது. ஏற்றினால் திறக்கவில்லை. இறக்கினால் திறக்கிறது. பலமுறை செய்து பார்த்தோம்.

மாடியில் அந்த லைனில் இருப்பது ஒரே பொருள். மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்டம் பார்த்துக் கீழே மோட்டார் பெட்டிக்குச் சொல்லும் ஒயர்லெஸ் கருவி. கம்பி இழுக்க வேண்டாமே என்று அசோசியேஷன் போட்டது. தொட்டி குறைந்தால் அனுப்பத் தொடங்கும், நிறைந்ததும் நிறுத்தும். மோட்டாரை நிறுத்தியும் ஏன் சரியாகவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. தொட்டி நிறையவில்லை, அதனால் அது பேச்சை நிறுத்தவில்லை.

என் சொந்த அக்காவின் மகன் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் பொறியியல்) படிக்கிறான். அவனிடம் டிவி பார்க்கும் யுஎஸ்பி குச்சி மாதிரி ஒரு ரேடியோ ரிசீவர் இருக்கிறது. லேப்டாப்பில் மாட்டிக் காட்டினான். திரையில் மேலிருந்து கீழே மழை மாதிரி புள்ளிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, 433.9 பக்கத்தில் மட்டும் மஞ்சளாக ஒரு கோடு, நூல் பிடித்தது போல, அறுபடாமல் இறங்குகிறது. என் ரிமோட்டை அழுத்தினால் அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு கீற்று வந்து மறைகிறது. மாடிக் கருவியின் பிளக்கை உருவியதும் கோடு நின்றது. அதன் பெட்டியைத் திறந்தால் உள்ளே மழைத்தண்ணீர் இறங்கி போர்டு முழுக்க வெண்மையாகப் பூத்திருந்தது.

மூன்றாம் மாடி வீட்டுக்காரரும் தன் வண்டி ரிமோட் சரியில்லை என்று புதுச் சாவிக்குச் சொல்லி வைத்திருந்தாராம். அவரிடமும் நிறுத்தி வைக்கச் சொல்லியாயிற்று. இன்று விடியற்காலை மோட்டார் ஓடும்போதே கதவு முதல் தொடுதலில் திறந்தது. அம்மா ‘இன்னைக்கு சண்டை போடலையா’ என்று கேட்டுக்கொண்டே ஏறினார்.

அக்கா, அசோசியேஷனில் வேறு கருவி வாங்கப் பேசுகிறார்கள். எதை வாங்கச் சொல்லலாம்?

நெடுஞ்சாலை

மனசுக்கு நிறைவாக இருக்கிறது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

சாவியை வீட்டில் எங்கே வைக்கிறீர்கள் என்றும் பாருங்கள். வண்டிக்கு மிக அருகில், இரண்டு மூன்று மீட்டருக்குள் தொங்கவிட்டால் வண்டியும் சாவியும் பேசிக்கொண்டே இருந்து இரண்டு பேட்டரியும் குறையும். தரைத்தளத்தில் வாசலை ஒட்டி மாட்டுகிறவர்களுக்கு இது நடக்கும். டிவி, லேப்டாப் பக்கத்திலும் வேண்டாம்.

அலைவரிசை

முதல் விருப்பம் கம்பி. தொட்டியில் மிதவை சுவிட்ச் போட்டு, ஒரு குழாய்க்குள் கம்பியை இறக்கிவிட்டால் வருடக்கணக்கில் தொந்தரவில்லை, யாருடைய ரிமோட்டையும் தொடாது. கம்பி இறக்க வழியே இல்லை என்றால் 865 மெகாஹெர்ட்ஸில் பேசும் கருவி கேளுங்கள். அதுவும் நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் அனுமதித்த இடம்தான், கார் சாவிகள் அங்கே இல்லை. எதுவானாலும் பெட்டியை வெயிலும் மழையும் படாமல் மூடியின் அடியில், கம்பி நுழையும் துளை கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டச் சொல்லுங்கள். மேலேயோ பக்கவாட்டிலோ துளை இருந்தால் அடுத்த மழைக்குத் தண்ணீர் உள்ளேதான் போகும்.

பழைய கருவியை யாரும் ‘நல்லாத்தானே இருக்கு’ என்று எடுத்துப்போய் வேறு தொட்டியில் மாட்டிவிடாமல், போர்டைக் கழற்றித் தனியாக வைக்கச் சொல்லுங்கள். சர்வீஸ் சென்டருக்கும் ஒரு வார்த்தை எழுதுங்கள். அடுத்து இதே குறையோடு வருபவரிடம், இரண்டாவது சாவியோடு வேறு இடத்தில் வைத்துப் பார்த்தீர்களா என்று அவர்கள் கேட்கட்டும்.

சிட்லபாக்கம்காரன்

கம்பி என்றே முடிவாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை குழாய் இறக்குகிறார்கள். சர்வீஸ் சென்டருக்கு எழுதிவிட்டேன், எஸ்டிமேட்டும் ரத்து.